மம, மாமா

நீதிமன்றத்தில் மெரினா பேசிய பேச்செல்லாம் பிறத்தியாருடையது. பதினோரு வருடமாக அதுதான் அவளுடைய உத்தியோகம். சாட்சிக்கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை அவள் சிங்களத்தில் சொல்வாள். நீதவான் சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பாள். கோழி திருடியவன் "நான் எடுக்கல" என்றால் அவளும் "நான் எடுக்கவில்லை" என்பாள். புருஷனிடம் அடிவாங்கியவள் "என்னைச் சுவத்துல மோதினான்" என்றால் அவளும் "என்னைச் சுவரில் மோதினான்" என்பாள். 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்று நடுவில் ஒரு சொல் சேர்க்கக் கூடாது. தன்னைப் பற்றியே ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், "உரைபெயர்ப்பாளருக்குச் சரியாகக் கேட்கவில்லை, சுவாமினி" என்று நீதவானிடம், வேறு யாரையோ பற்றிப் பேசுவது போலச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு அது கஷ்டமாகவே இருந்ததில்லை. எஹலியகொடைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டதால், அப்பா அவளைச் சந்தியிலிருந்த சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். வீட்டிலும் கோயில் ஜெபப் புத்தகத்திலும் தமிழ். மற்ற எல்லா இடத்திலும் சிங்களம். எந்த மொழியில் யோசிக்கிறாய் என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. கூண்டுக்குப் பக்கத்தில் அவள் நிற்கிற மாதிரியைப் பார்த்து, "கல்லு மாதிரி நிக்கிறீங்களே" என்று பதிவேட்டறை எழுதுவினைஞர் அஸீஸ் ஒருமுறை சொன்னார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே மழை. அஸீஸ் அன்றைய கோப்புகளில் தமிழ்ப் பெயர் உள்ளதை மட்டும் எடுத்து அவள் மேசையில் வைத்தார்.

"ஒண்டே ஒண்டுதான் இண்டைக்கு. பலாமரம்" என்றார்.

அனுமதிப் பத்திரம் இல்லாமல் பலாமரம் வெட்டியது குற்றம். குற்றம் சாட்டப்பட்டவர் வெள்ளையம்மா, வயது ஐம்பத்திரண்டு, நிவித்திகலைக்கு அப்பால் கறுவாமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவைச் சேர்ந்தவர், பால்வெட்டுத் தொழிலாளி. சட்டத்தரணி யாரும் இல்லை.

வெள்ளையம்மா வெளி விறாந்தையில், வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு. மடியில் குடையும் ஒரு பொலித்தீன் பையும். கொஞ்சம் தள்ளி, தண்ணீர்க் குழாய் அருகே ஒரு கிழவர் சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் இருளப்பன், வெள்ளையம்மாவின் மாமனார். வெள்ளையம்மாவின் கணவன் இறந்து ஒன்பது வருடம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தோட்டத்து வரிசை வீட்டில், அந்த லயத்துக் காம்பராவில் மிச்சம் இருப்பது இவளும் அவரும்தான்.

"மிஸ், நீங்கதானே தமிழ்ல சொல்றவங்க? இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று வெள்ளையம்மா, பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியைப் பையிலிருந்து எடுத்து நீட்டிக் கேட்டாள். "சிங்களம் பேசுவேன். எழுத்து தெரியாது. கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டேன்."

வாக்குமூலத்தை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுவது விதிக்கு உட்பட்டதுதான். மெரினா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும் போல் ஒரே குரலில் வாசித்தாள். "நான் மேற்படி தோட்டத்தில் மரம் வெட்டும் வேலை செய்கிறேன். எங்கள் லயத்தின் பின்னால் நின்ற பலாமரம் கூரைப்பக்கம் சாய்ந்திருந்தது. அதன் கிளை ஒன்று முறிந்து எங்கள் காம்பராவின் மேல் விழுந்தது. பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் மரத்தை வெட்டினேன். அனுமதி எதுவும்..."

"நில்லுங்க, நில்லுங்க. யாரு வெட்டினதா போட்டிருக்கு?"

"நான் வெட்டினேன்."

"நீங்க இல்ல மிஸ், மரத்த."

"நீங்கதான் வெட்டினதா எழுதியிருக்கு."

வெள்ளையம்மா அந்தத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் தப்பு கண்ணில் படும் என்பது போல மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் எப்பங்க அப்பிடிச் சொன்னேன்? நான் ரப்பர் மரத்துல பால் வெட்டுறவ. பலாமரத்த வெட்டுறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? மாமா வெட்டினாருன்னு சொன்னேன். சிங்களத்துலதான் சொன்னேன். மாமா கஹ கெபுவான்னு."

மெரினா தாளைத் திருப்பி வாங்கி அந்த வரியை மறுபடி பார்த்தாள். மம கஹ கெபுவா என்று இருந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சிங்களத்தில் 'மம' என்றால் நான். 'மாமா' என்றால் தமிழில் உள்ளது போலவே மாமா. எழுத்தில் பார்த்தாலும் தமிழைப் போலத்தான், ஒவ்வொரு மகரத்துக்கும் பக்கத்தில் ஒரு கால் போட வேண்டும். அவர்கள் அதை எலபில்ல என்பார்கள். பொலிஸ்காரரின் கையில் அந்த இரண்டு காலும் விழுந்துபோயிருந்தன. தமிழாக இருந்தால் 'வெட்டினேன்', 'வெட்டினாரு' என்று வினையின் வால் காட்டிக்கொடுத்திருக்கும். பேச்சுச் சிங்களத்தில் நான் வெட்டினாலும் அவர் வெட்டினாலும் 'கெபுவா'தான். போதாததற்கு, என்ன வேலை என்று கேட்டபோது மரம் வெட்டுகிற வேலை என்று இவள் சொல்லியிருக்கிறாள். பால் வெட்டுவதையும் அப்படித்தான் சொல்வார்கள். எழுதியவருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

"எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டினாங்களா?" என்று கேட்டாள்.

"காட்டினாரு. வெரசா வாசிச்சாரு. மாமா கெபுவான்னுதான் எனக்குக் கேட்டுச்சு."

"மாமண்டின்னு சொல்லியிருந்தா இந்தச் சிக்கல் வந்திருக்காது. புருஷனோட அப்பாவ அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"அதெல்லாம் படிச்சவங்க சொல்றது மிஸ்."

சட்டத்தில் இதற்கு ஒரு வேலி உண்டு. பொலிஸிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. ஆனால் யாரைக் குற்றவாளியாகக் காட்டி வழக்குப் போடுவது என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்திருந்தது. குற்றப்பத்திரத்தில் வெள்ளையம்மாவின் பெயர்தான் இருந்தது. இன்றைக்கு அதை வாசித்துக் காட்டி, குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கேட்பார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

மெரினா இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் அது ஆலோசனை ஆகிவிடும். "கோட்ல கேப்பாங்க. உள்ளத சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெள்ளையம்மா அவள் கையைப் பிடித்தாள். குழாயடியில் கிழவர் இப்போது செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு இது காதுல விழுந்திருக்குமா?"

"இருக்காது. தூரம்."

"அப்ப இருக்கட்டும் மிஸ்."

"எது?"

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அவருக்கு எழுவத்தாறு வயசு. ஆஸ்பத்திரில நிக்கச் சொன்னாலே அரை மணிக்கு மேல நிக்கமாட்டாரு. இவரக் கொண்டுபோயி அந்தக் கூண்டுல ஏத்தி, கையி காலு ஆடி... எதுக்கு? நான் நிக்கிறேன். எனக்குப் பழக்கம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு வேற எதையாவது பேசித் தொலைச்சுருவாரு. வாயி சும்மா இருக்காது" என்றாள்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் நான் சொல்லுவேன்" என்றாள் மெரினா. "கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

"அது போதும் மிஸ்."

வழக்குக் கூப்பிட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மெரினா தன் இடத்தில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்தாள். ஒரு பெண் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறாள். அதை நல்ல சிங்களத்தில் நீதிமன்றத்துக்குச் சொல்லப்போவது தான். பொய்ச் சாட்சிகளை எத்தனையோ தடவை மொழிபெயர்த்திருக்கிறாள். பொய்யைப் பொய்யாகவே, அதன் நெளிவு சுளிவோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். ஆனால் அதுவரை பொய் என்று அவளுக்கு ஊகம்தான் இருந்தது. இன்று தெரிந்திருந்தது. அந்த வித்தியாசத்தை அவள் கொஞ்ச நேரம் எடைபோட்டுப் பார்த்தாள். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நீதவான் ஐம்பது வயதுப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார், கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டது. மெரினா தமிழில் சொன்னாள். வெள்ளையம்மா கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"குற்றவாளியா, சுற்றவாளியா?"

"ஆமாங்க. நான்தான் வெட்டினேன்."

மெரினா திரும்பி, நீதவானைப் பார்த்துச் சொன்னாள். "மம தமய் கெபுவே, சுவாமினி."

குரல் எப்போதும் போல இருந்தது. மமவில் இரண்டு குறில், தெளிவாக.

பின்வரிசையில் சத்தம் கேட்டது. இருளப்பன் எழுந்து நின்றிருந்தார். ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்திருந்தார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். கிழவர் உட்காரவில்லை.

"சுவாமினி, மம தமய் மாமா" என்றார் உரக்க.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. சட்டத்தரணிகளில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான்தான் மாமா. நீதவான் மட்டும் சிரிக்கவில்லை.

"யார் இவர்? யாருடைய மாமா?"

மெரினா அதைத் தமிழில் வெள்ளையம்மாவிடம் கேட்டாள். வெள்ளையம்மா கண்ணை மூடிக்கொண்டு, "எங்க மாமாங்க. வீட்டுக்காரரோட அப்பா. அவருக்குக் காது கேக்காது, ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க" என்றாள். மெரினா அதையும் சொன்னாள்.

கிழவர் அதற்குள் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். அவர் பேசிய சிங்களம் தோட்டத்துச் சிங்களம், இலக்கணம் பார்க்காதது, ஆனால் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. மரத்தை வெட்டியது தான் என்றார். நாற்பது அடி மரம் என்றார். இரண்டு தடவை தோட்டத்து நிர்வாகக் கந்தோரில் போய்ச் சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை என்றார். மூன்றாம் தடவை சொல்வதற்குள் கிளை விழுந்தது. மருமகள் வேலைக்குப் போயிருந்ததால் தப்பினாள். பாயெல்லாம் ஓடும் கட்டையும் கிடந்தது என்றார். மேலே ஏறிக் கிளையைக் கழித்து, கயிறு கட்டி, எதிர்ப்பக்கமாக இழுத்துச் சாய்த்தேன், லயத்தில் அதற்குப் பிறகு ஒரு ஓடு உடையவில்லை, வந்து பாருங்கள் என்றார்.

"இவருக்கு உரைபெயர்ப்பு வேண்டியதில்லை போலிருக்கிறது" என்றார் நீதவான். பிறகு கோப்பைப் புரட்டி வாக்குமூலத்தை எடுத்தார். "ஆனால் இங்கே மம என்று எழுதியிருக்கிறது. இப்போது கூண்டிலும் மம என்றுதான் சொல்லப்பட்டது. இவரும் மம என்கிறார். எத்தனை மம?"

நீதவான் பேனாவை மூடி வைத்தார். அவர் மெரினாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உரைபெயர்ப்பாளருக்கு..." என்று மெரினா தொடங்கினாள். அதற்கு மேல் அந்த வாக்கியம் போகவில்லை. உரைபெயர்ப்பாளருக்குத் தெரிந்தது என்று சொன்னால் யாருக்கோ தெரிந்தது போல் இருக்கும். அவள் மறுபடி தொடங்கினாள். "நான் விளக்கலாமா, சுவாமினி?"

நீதவான் தலையசைத்தார். மெரினா சொன்னாள். வெள்ளையம்மா சொன்னது மாமா, எழுதப்பட்டது மம, வாசித்துக் காட்டியபோது அவருக்கு, அதாவது வெள்ளையம்மாவுக்கு, மாமா என்றே கேட்டிருக்கிறது. இரண்டு எலபில்ல விடுபட்டிருக்கிறது. சொல்லி முடிக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

"இது உங்களுக்கு எப்போது தெரியும்?"

"இன்று காலை, ஒன்பதேகால் மணிக்கு."

"இந்தப் பெண் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்பது?"

"அதுவும் அப்போதே தெரியும், சுவாமினி."

"தெரிந்துகொண்டா அப்படியே மொழிபெயர்த்தீர்கள்?"

"அவர் சொன்னதை அப்படியே சொல்வதுதான் என் வேலை என்று நினைத்தேன்."

நீதவான் வாக்குமூலத் தாளில் விரலை வைத்தார். "கூண்டில் அவர் சொன்னதை மாற்றாமல் சொன்னது உங்கள் வேலை. அதில் பிழையில்லை. ஆனால் இந்தத் தாளில் ஒரு சொல் பிழையாக இருக்கிறது என்று காலையில் கண்டீர்களே, அதை எனக்குச் சொல்வதும் உங்கள் வேலைதான். பதிவாளருக்கு எழுத்தில் விளக்கம் கொடுங்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் மெரினாவுக்குக் காது சூடாகியது.

வெள்ளையம்மா விடுவிக்கப்பட்டாள். இருளப்பனிடம் புதிதாக வாக்குமூலம் எடுத்து இரண்டு கிழமையில் கொண்டுவரும்படி பொலிஸுக்கு உத்தரவானது.

மத்தியானம் மெரினா சாப்பாடு வாங்க பஸ் நிலையப் பக்கம் போனபோது இருவரும் கடை முன்னால் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளையம்மாவின் முகம் கடுகடுத்துப் போயிருந்தது. நன்றி சொல்வாள் என்று மெரினா எதிர்பார்த்திருக்கவில்லை. திட்டுவாள் என்றும் எதிர்பார்க்கவில்லை.

"முடிஞ்சிருக்க வேண்டியத இழுத்து விட்டுட்டீங்க ரெண்டு பேரும்" என்றாள். "இன்னிக்கு ஒரு பேரு, ஒரு நாள் கூலி போச்சு. இன்னும் ரெண்டு கெழமையில இன்னொரு பேரு போகும். இவரத் தனியா அனுப்ப முடியுமா?"

"நான் சொல்லல அக்கா. கேட்டாங்க, அதுக்கப்புறந்தான் சொன்னேன்."

"மொதல்ல எழும்பினது இவருதானே. காது கேக்காம மமன்னத மாமான்னு நெனைச்சுக்கிட்டு..."

"யாருக்குக் காது கேக்கல?" என்றார் இருளப்பன். இருவரும் திரும்பினார்கள். "நீ நான்தான்னதும் கேட்டுச்சு. இந்தப் புள்ள மமன்னதும் கேட்டுச்சு. அம்பது வருசமா சிங்களக் காட்டுல கெடக்கேன், மமவும் மாமாவும் தெரியாதா எனக்கு?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழும்பினீங்களா?" என்றாள் மெரினா.

"பின்ன? நாப்பதடி மரம். ஒத்தையா நின்னு சாச்சிருக்கேன். இவ வெட்டினான்னு எழுதி வைப்பானுங்களாம், நான் பாத்துக்கிட்டு இருக்கணுமாம். கோடாலி புடிக்கத் தெரியுமா இவளுக்கு?"

வெள்ளையம்மா சட்டென்று தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கிழவர் மானம் போனவர் போல வேறு பக்கம் திரும்பி நின்றார்.

பஸ் வரும் வரை மெரினா அவர்களோடு நின்றாள். அப்போதுதான் வெள்ளையம்மா குவைத் கதையைச் சொன்னாள். புருஷன் போன மறு வருடம் அங்கே வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் இருந்திருக்கிறாள். அங்கே வீட்டுக்காரம்மாவை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுக்காரரைப் பாபா என்று. முதல் ஒரு வாரம் அவளுக்கு வாயில் வரவில்லையாம். என்னை விட இளையவள், கண்ணுக்கு மையும் தங்க வளையலுமாக நிற்கிறாள், அவளைப் போய் மாமா என்பதா என்று. கூப்பிடாததால் திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கியிருக்கிறாள்.

"அப்புறம் எப்பிடிப் பழகினீங்க?"

"ஒரு நாள் மாடியில இருந்து துணி எடுத்துக்கிட்டு எறங்கயில வழுக்கிருச்சு. ஐயோ மாமான்னு கத்திட்டேன். நான் கூப்பிட்டது இவர. அந்தம்மா ஓடி வந்து தூக்கினா." வெள்ளையம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கப்புறம் வந்துருச்சு."

கிழவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. நிவித்திகலை பஸ் வந்ததும் முதலில் அவர்தான் முண்டியடித்து ஏறி, பக்கத்துச் சீட்டில் குடையை வைத்து மருமகளுக்கு இடம் பிடித்தார்.

இரண்டு கிழமை கழித்து அவர் கூண்டில் ஏறினார். கை ஆடவில்லை. தமிழா சிங்களமா என்று நீதவான் கேட்டதற்குச் சிங்களம் போதும் என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், கயிறு கட்டியதை மறுபடியும் சொல்ல ஆரம்பித்து, போதும் என்று நிறுத்தப்பட்டார். வயதையும் கூரைக்கு இருந்த ஆபத்தையும் கருதி நீதவான் அவரை எச்சரித்து விடுவித்தார். இனி மரம் சாய்ந்தால் கோடாலியை எடுக்காமல் கிராம சேவகரிடம் போக வேண்டும் என்றும், லயத்திலிருந்து தள்ளி இரண்டு பலாக்கன்று நட வேண்டும் என்றும் சொன்னார். அதோடு, தமிழ் பேசுகிறவர்களின் வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதுவதற்குச் சட்டத்தில் இடமிருப்பதைப் பொலிஸ் நிலையத்துக்கு ஞாபகப்படுத்தி ஒரு குறிப்பு அனுப்பச் சொன்னார். மெரினா கூண்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த வழக்கில் அன்று அவளுக்கு ஒரு சொல்லும் பேச வேண்டியிருக்கவில்லை.

விளக்கக் கடிதம்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் வீட்டு மேசையில் உட்கார்ந்தாள். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தாள். சிங்களத்தில் எழுதத் தொடங்கி, அந்தச் சொல்லில் போய் மாட்டிக்கொண்டாள்.

சிங்களத்து மம சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'என்னுடைய' என்று பொருள். என்னுடையது என்பது பேச்சில் தேய்ந்து நான் ஆகிவிட்டது. அதே சொல்தான் தமிழில் மமதை ஆகியிருக்கிறது. மாமா வேறு வழி. அம்மாவோடு பிறந்தவரும் அத்தையின் புருஷனும் புருஷனின் அப்பாவும் அதற்குள் வருவார்கள், சில வீடுகளில் புருஷனும் வருவார். பிள்ளையைப் பயமுறுத்தும்போது பொலிஸ்காரர் மாமா ஆவார். பட்டணத்தில் சண்டை பிடிக்கும்போது அது கெட்ட வார்த்தை. மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களை மாமக் என்பார்களாம், அதுவும் இந்த மாமாவிலிருந்து போனதுதான் என்கிறார்கள். ஆங்கிலத்தில் மாமா என்றால் அம்மா; சீனத்தில் அம்மா; ஆபிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்களுக்கும் அம்மா. ஜோர்ஜியா என்ற நாட்டில் மாமா என்றால் அப்பா. அம்மாவுக்கு அவர்கள் தேதா என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வேர் இருக்க வேண்டியதில்லை என்று அவள் படித்திருந்தாள். கைக்குழந்தை உதட்டை மூடித் திறந்தால் வருகிற சத்தம் அது. குழந்தைக்கு அதில் பொருள் இல்லை. பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள்தான், என்னைத்தான் கூப்பிடுகிறது என்று ஆளுக்கொரு பொருள் வைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் குவைத் வீட்டுப் படிக்கட்டையும் எழுதினாள். நிமிர்ந்து பார்த்தபோது மூன்று பக்கம் ஆகியிருந்தது, கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் அதை அஸீஸிடம் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு மூன்று பக்கத்தையும் வாசித்தார்.

"நல்லா ஈக்கி. ஆனா மெரினா, அவங்க கேட்டது ஏன் சொல்லல்லண்டு. நீங்க எழுதியிருக்கிறது சொல்லு எங்கேருந்து வந்திச்சிண்டு."

"ஏன்னு எனக்கே சரியாத் தெரியல அஸீஸ் நானா."

"அப்ப அதையே எழுதுங்க."

அவள் தன் மேசைக்குப் போனாள். புதுத் தாள் எடுத்தாள். இந்தத் தடவை வேகமாக எழுத வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் 'மம' என்று தொடங்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் பேனா கொஞ்சம் நின்றது. நான் பிழையை ஒன்பதேகால் மணிக்குக் கண்டேன். நான் அதை நீதிமன்றத்துக்கு அறிவிக்கவில்லை. அந்தப் பெண் தன் மாமனாரைக் காப்பாற்ற விரும்பினார். நான் அதற்குக் குறுக்கே நிற்க விரும்பவில்லை. அது என் கடமையைப் பற்றிய சந்தேகம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருந்தது. இனி ஒரு சொல் பிழை என்று கண்டால் நான் வழக்குக்கு முன்பே தெரிவிப்பேன்.

இரக்கம் என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. கையொப்பம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பதிவாளர் நின்றபடியே வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி வரி வரை வந்துவிட்டுத் தாளை அவளிடம் நீட்டினார்.

"திகதி பிழை. இன்றைக்கு முதலாம் திகதி. நீங்கள் போன மாதத்திலேயே நிற்கிறீர்கள்."

அவள் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தாள். அது நேற்றைய திகதி, மூன்று பக்கம் எழுதிய ஞாயிற்றுக்கிழமை. பதிவாளரின் பேனாவை வாங்கித் திருத்தி, பக்கத்தில் சிறிதாகக் கையொப்பம் வைத்தாள். உள்ளே அடுத்த வழக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள்.